நாலாவது கை



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து வாசியுங்கள். வேதியியல் என்றாலே கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் வாசிக்கலாம், பரீட்சை வைக்க மாட்டேன். 26 வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

1998. பிளஸ் ஒன் வகுப்பு. கார்பன் பாடம். கரும்பலகையில் வைரத்தின் அமைப்பை வரைந்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "ஒவ்வொரு கார்பன் அணுவுக்கும் நாலு கை. நாலு கையாலும் பக்கத்தில் இருக்கிற நாலு கார்பனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கையும் சும்மா இல்லை. அதனால்தான் வைரம் இவ்வளவு கடினம், அதனால்தான் அது எதனோடும் வினைபுரியாது." 'எதனோடும் வினைபுரியாது' என்பதை அடிக்கோடு போட்டு எழுதவும் சொன்னேன். உங்களில் பாதிப் பேர் நோட்டில் அந்த அடிக்கோடு இருக்கும்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "சார், ஓரத்துல இருக்குற கார்பன் நாலாவது கையால யாரப் பிடிச்சிருக்கும்?"

"அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பதில் தெரியாது. அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதுகூடக் கிடையாது. ஓரம் என்று ஒன்று இருக்கிறது என்பதையே நான் யோசித்ததில்லை. புத்தகத்துப் படம் நாலு பக்கமும் தொடர்ந்துகொண்டே போகும், அதோடு விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் அப்பா நம்ம ஊரில் கூலிக்கு விசைத்தறி ஓட்டியவர். பிள்ளை படித்தாள், மேலே மேலே படித்தாள். இப்போது வெளிமாநிலத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவளோடு படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும், கமெண்டில் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

இந்த ஆடித்தபசுக்கு பொதிகையில் வந்து இறங்கினவள், மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தாள். காப்பி குடித்துக்கொண்டே, "என்னம்மா ஆராய்ச்சி பண்ணுத?" என்று கேட்டேன். "வைரத்த வறுக்கேன் சார்" என்றாள்.

என் வீட்டம்மாவுக்குக் கையில் இருந்த தட்டு ஆடிப்போய்விட்டது. அவளுக்கு வைரம் என்றால் அவளுடைய அம்மாவின் எட்டுக்கல் தோடு மட்டும்தான்.

இது அந்த வைரம் இல்லை. நானோ வைரம். ஐந்து நானோமீட்டர் அகலத் துகள். ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக நிறுத்தினால் பத்தாயிரத்துக்கு மேல் நிற்கும். இதைத் தோண்டி எடுப்பதில்லை, வெடி வைத்து எடுக்கிறார்கள். டி.என்.டி.யும் ஆர்.டி.எக்ஸும் கலந்த வெடிமருந்தை மூடிய எஃகுக் கலத்துக்குள் வெடிக்கவிட்டால், உள்ளே எல்லாம் எரிவதற்கு ஆக்சிஜன் போதாது. மிச்சப்படும் கார்பன் அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் சில மைக்ரோ விநாடிக்குள் வைரமாக உறைந்துவிடுகிறது. கலத்தின் சுவரில் ஒட்டிய கரியைச் சுரண்டினால் அதற்குள் வைரம். 1963-இல் சோவியத் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ராணுவ ரகசியம் என்பதால் வெளியே தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

(மச்சினன் உடனே கேட்டான், மோதிரத்தில் வைக்கலாமா என்று. சாம்பல் நிறத் தூள். அடுப்படியில் கிடந்தால் கூட்டி அள்ளிவிடுவோம்.)

இனி கணக்கு. ஒரு மில்லிமீட்டர் வைரக்கல்லை எடுத்துக்கொண்டால், அதில் மேற்பரப்பில் இருக்கும் அணு பத்து லட்சத்தில் ஒன்றுகூட வராது. என் வகுப்பில் நான் ஓரத்தைக் கண்டுகொள்ளாமல் போனதற்கு அது ஒரு சாக்கு. ஆனால் ஐந்து நானோமீட்டர் துகளில் மொத்தமே சுமார் 11,000 அணுதான். அதில் பத்தில் ஒன்றுக்கு மேல் ஓரத்தில் நிற்கிறது. ஒரு கிராம் தூளில் உள்ள எல்லாத் துகளின் மேல்தோலையும் விரித்துப் போட்டால் கணக்குப்படி 340 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் எட்டு சென்டுக்கு மேல். ஒரு சிட்டிகைத் தூளுக்குள் ஒரு வீட்டுமனை!

இவ்வளவு ஓரம் இருந்தால், ஓரத்துக் கார்பனின் நாலாவது கை யாரைப் பிடித்திருக்கிறது என்பதுதான் அந்தத் தூளின் குணமே. அவள் கேட்ட கேள்வியை வைத்து உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் நடக்கின்றன.

பதில் இதுதான்: யாரைப் பிடிக்க வேண்டும் என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. எவ்வளவு சூடு, எந்தக் காற்றில் சூடு என்பதைப் பொறுத்து.

வெடித்து எடுத்த தூளில் வைரத்தின் மேல் ஒரு கரித் தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலில் கார்பன் மூன்று கையால் மட்டும் பக்கத்தில் பிடித்து, நாலாவதைப் பொதுவில் விட்டிருக்கும், பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட் மாதிரி. முதல் வேலை இந்தத் தோலை உரிப்பது. முன்பெல்லாம் கொதிக்கும் அமிலங்களில் போட்டு உரித்தார்கள். 2006-இல் அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் யூரி கோகோட்சியின் குழு, வெறும் காற்றில் சூடாக்கினாலே போதும் என்று காட்டியது. 400 முதல் 430 டிகிரி செல்சியஸ் வரை. அந்தச் சூட்டில் கரித் தோல் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், வைரம் அப்படியே நிற்கும். இப்படி வறுத்த தூளில் வைரப் பிணைப்பு 96 சதவீதம் வரை இருந்தது.

அவள் இதைச் சொன்னபோது எனக்கு எங்கள் ஆச்சி மணலில் கடலை வறுத்தது ஞாபகம் வந்தது. சரியான பதத்தில் இறக்கி, கையால் கசக்கி, சொளகில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்துவிடும், பருப்பு நிற்கும். பக்கத்து வீட்டில் பேசப் போய்விட்டால் பருப்பும் கரி. "அதேதான் சார்" என்றாள். 430 தாண்டினால் கரியோடு சேர்ந்து வைரமும் எரிய ஆரம்பிக்கிறது. 30 டிகிரி இடைவெளிக்குள் நிறுத்த வேண்டும். அடுப்பில் ஒரு மூலை சற்றுக் கூடச் சூடானாலும் கணக்கு மாறிவிடும். முதல் வருஷம் தூள் வெந்து காணாமலே போன நாள் உண்டாம். தட்டைத் திறந்தால் ஒன்றும் இல்லை, வைரம் காற்றாகப் போய்விட்டது.

வைரம் எரியும் என்பது புதுச் செய்தி இல்லை. 1770-களிலேயே லவாய்சியர் பெரிய லென்ஸில் வெயிலைக் குவித்து எரித்துப் பார்த்தார். 1797-இல் ஸ்மித்சன் டெனன்ட், வைரத்தையும் அதே எடை மரக்கரியையும் எரித்து, இரண்டிலும் வரும் வாயு ஒரே அளவு என்று காட்டினார். இதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் 'எரியும்' என்று சொல்லிவிட்டு மறுநாள் 'எதனோடும் வினைபுரியாது' என்று அடிக்கோடு போடச் சொன்னவன் நான். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டவளை உட்காரச் சொல்லியாகிவிட்டதே.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தோட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரிய கல் காற்றில் எரிய 700, 800 டிகிரி வேண்டும். ஆனால் வீட்டில் தீப்பிடித்தாலோ, ஆசாரி கல்லோடு சேர்த்துப் பற்றவைத்தாலோ மேற்பரப்பு பால் படிந்தது மாதிரி மங்கிப்போவது உண்டு. அது அழுக்கு இல்லை, மேல்தோல் எரிந்த தழும்பு. திரும்பப் பட்டை தீட்டினால் போய்விடும். விவரமான ஆசாரிகள் கல்லின் மேல் போரிக் பவுடர் பூசிவிட்டுத்தான் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோவார்கள்.

நாலாவது கைக்கு வருகிறேன். காற்றில் வறுத்த துகளில் கரித் தோல் போனதும், ஓரத்துக் கார்பன் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி என்று நீங்கள் மனப்பாடம் செய்தீர்களே, வினிகரில் இருக்கிறதே, அதேதான் வைரத்தின் மேல் முளைக்கிறது. அது தண்ணீரில் எதிர்மின்சுமை ஏற்கும். எல்லாத் துகளும் எதிர்மின்சுமையோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அடியில் தங்காமல் கலந்தே நிற்கும்.

காற்றுக்குப் பதில் ஹைட்ரஜனில் வைத்து 500 டிகிரி அளவில் சூடாக்கினால் நாலாவது கை ஹைட்ரஜனைப் பிடிக்கிறது. இப்போது தண்ணீரில் நேர்மின்சுமை. உள்ளே அதே வைரம், அதே அளவு, ஆனால் குணம் நேர் எதிர். சங்கரநாராயணரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரே உடம்பில் இரண்டு கோலம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவள் சொன்ன உதாரணம் இன்னும் நன்றாக இருந்தது. "பாவு நூலுக்குக் கஞ்சி போடுத மாதிரி சார். நூல் அதே நூல்தான். கஞ்சி போட்டா தறியில அறுக்காம ஓடும், போடலன்னா பிசிறு பிசிறா நிக்கும். அப்பா பேசினது எல்லாமே மேல்பரப்பு வேதியியல்தான், எனக்குத்தான் அப்ப தெரியல."

ஆக்சிஜனும் வேண்டாம் ஹைட்ரஜனும் வேண்டாம் என்று வெற்றிடத்தில் சூடாக்கினால்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சூடு ஏற ஏற, ஏற்கெனவே பிடித்திருந்த ஆக்சிஜன், கார்பனையும் கூட்டிக்கொண்டு வாயுவாகக் கழன்று போகிறது. பிடிக்க யாரும் இல்லை. 900 டிகிரி வாக்கில் ஓரத்துக் கார்பன்கள் பக்கத்தில் நிற்பதையே இன்னும் இறுக்கிப் பிடித்து, வைர அமைப்பை விட்டுவிட்டு கிராஃபைட்டாக மாறத் தொடங்குகின்றன. வெளியிலிருந்து உள்ளே, அடுக்கு அடுக்காக. சாதாரண அழுத்தத்தில் கார்பனுக்கு வசதியான உருவம் கிராஃபைட்தான். வைரம் வழி தெரியாமல் வைரமாக இருக்கிறது, சூடு வழியைத் திறந்துவிடுகிறது. 1,500 டிகிரியும் தாண்டினால் உள்ளே வைரமே இருக்காது, ஒன்றுக்குள் ஒன்றாக உருண்டைத் தோல்கள் மட்டும். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்கில் குஸ்நெட்சோவ் குழு 1994-இல் இதைக் காட்டியது. இதற்குப் பெயரே கார்பன் வெங்காயம். பல்லாரி மாதிரி உரிக்க உரிக்கத் தோல்.

வைரம் வெங்காயமானால் என்ன, ஆகாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இந்தத் துகள்களின் மேல் மருந்தை ஒட்டி உடம்புக்குள் அனுப்பிப் பார்க்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. மருந்து ஒட்டுமா, கழன்றுவிடுமா என்பது அந்த நாலாவது கையைப் பொறுத்தது. இன்னொன்று, வைரத்துக்குள் ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் ஒரு காலி இடமும் அமைந்தால், பச்சை ஒளி பட்டதும் அது சிவப்பாக ஒளிரும். அந்தக் காலி இடத்தை நகர்த்தி நைட்ரஜன் பக்கத்தில் கொண்டு சேர்ப்பதும் சூடுதான், சுமார் 800 டிகிரியில். அந்த ஒளிர்வை வைத்து ஒரே ஒரு உயிருள்ள செல்லுக்குள் வெப்பநிலை எவ்வளவு என்று 2013-இல் ஹார்வர்டில் அளந்திருக்கிறார்கள். ஆனால் அந்த 800 டிகிரி மேலே கொஞ்சம் கரித் தோலையும் உண்டாக்கிவிடும். கரித் தோல் ஒளியை விழுங்கும். அதனால் திரும்பக் காற்றில் வறுத்துத் தோலை எடுக்க வேண்டும். ஒரு சூடு கெடுத்ததை இன்னொரு சூடு சரிசெய்கிறது.

"இவ்வளவு சின்னத் துகளில் தோல் போச்சா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். இப்போது நான் மாணவன்.

"ராமன் சார்" என்றாள்.

நம்ம சர் சி.வி. ராமன்தான். ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால் சிதறி வரும் ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வரும். அணுக்களின் பிணைப்பு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்து அந்த மாற்றம். வைரத்துக்கு அது ஒரு சென்டிமீட்டருக்கு 1332 அலைகள் என்ற இடத்தில் ஒரே ஒரு கூர்மையான கோடு. கிராஃபைட் என்றால் 1580 பக்கம். 1332-ஐ 1930-இல் அளந்து வெளியிட்டவர்களில் ஒருவர் ராமனின் தம்பி சி. ராமசாமி. இன்றைக்கு எந்த நாட்டில் நானோ வைரத்தை வறுத்தாலும், இறக்கியதும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று இந்தக் கோட்டைப் பார்ப்பது. 1580 பக்கத்து மேடு தணிந்து 1332 எழுந்தால் தோல் போய்விட்டது. துகள் ரொம்பச் சிறியது என்பதால் கோடு கொஞ்சம் கீழே சரிந்து அகலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அதோடு அவள் இன்னொருவரைப் பற்றிச் சொன்னாள். பெயர் தெரியும், ஆனால் வானிலைத் துறைக்காரர் என்றுதான் எனக்குத் தெரியும். அன்னா மாணி. பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1940-இல் பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ராமன் சேர்த்து வைத்திருந்த வைரங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை எடுத்து, அவை ஏன் ஒளிர்கின்றன, எந்த நிறத்தில் ஒளிர்கின்றன என்று பதிவு செய்தார். ஒரு படத்தகட்டில் ஒளி பதிய 15, 20 மணி நேரம் ஆகும். ராத்திரி ஆய்வுக்கூடத்திலேயே இருந்துவிடுவாராம். 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனி ஆளாக ஐந்து கட்டுரை. 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தரவில்லை. மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம் வாங்கியவருக்கு! அந்த ஆய்வேடு பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் மற்ற ஆய்வேடுகளோடு சேர்ந்து இருக்கிறது. அவர் பிறகு வானிலைக் கருவிகள் பக்கம் போய்ப் பெரிய பெயர் எடுத்து, 2001-இல் காலமானார். வைரம் ஏன் ஒளிர்கிறது என்ற அந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான் இன்றைக்கு இவள் மேசை மேல் சிவப்பாக மினுங்குகிறது.

இதைக் கேட்டதும் நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். "ஏம்மா, நீ பிளஸ் ஒன்னுல ஒரு கேள்வி கேட்ட. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அதுக்கப்புறம் அந்த வருஷம் நான் எந்தக் கேள்வியும் கேக்கல."

எனக்குத் தெரியவே இல்லை. 45 பேர் இருக்கிற வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமல் இருப்பதை நான் 'அடக்கமான பிள்ளை' என்று ரிப்போர்ட் கார்டில் எழுதியிருப்பேன். எழுதியிருக்கிறேன் என்றும் அவளே சொன்னாள். இன்னமும் அந்தக் கார்டை வைத்திருக்கிறாளாம்.

மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, என்ன சார்" என்று எழுந்து நின்றுவிட்டாள். என் வீட்டம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு காப்பி போடப் போய்விட்டாள். இந்த இடத்தை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அவளிடம் போனில் கேட்டேன், எழுதுங்க சார் என்றாள்.

இன்னும் எத்தனை பேரை உட்காரச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. உங்களுக்கு இருக்கும். அப்படி ஒரு கேள்வி யாரிடமாவது மிச்சம் இருந்தால் இங்கே எழுதுங்கள். தெரிந்தால் பதில் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதிவிட்டு, தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன். இப்போது நேரத்துக்குப் பஞ்சம் இல்லை.

பழைய நோட்டு வைத்திருப்பவர்கள், 'எதனோடும் வினைபுரியாது' என்ற இடத்தில் 'சாதாரண வெப்பநிலையில்' என்று முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிக்கோட்டை அடித்துவிடலாம்.

போகும்போது இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டிலும் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு வைரத்தூள், இறுக மூடி மெழுகு வைத்தது. ஒன்றில் வறுக்காத தூள், மற்றதில் காற்றில் வறுத்த தூள். மூன்று வாரம் ஆகிறது. வறுக்காதது இரண்டாம் நாளே அடியில் சாம்பல் வண்டலாக இறங்கிவிட்டது, மேலே தெளிந்த தண்ணீர். வறுத்தது இன்னும் மங்கலாகக் கலங்கியே நிற்கிறது, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் தெரியும். என் எழுதுமேசை மேல்தான் வைத்திருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். குலுக்க மட்டும் வேண்டாம்.